போர்ஷன் போடுவது எப்படி?

வடசென்னையில், ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ பாட்டன் கட்டிய வீடு இருக்கிறதா? கொடுத்து வைத்தவர் நீங்கள். கூடத்தின் குறுக்கே பிளைவுட் தடுப்பு அடியுங்கள். ஒரு வீடு நாலு போர்ஷன் ஆகிவிடும். துறைமுகத்துக்கும் கம்பெனிக்கும் வேலைக்கு வந்தவர்கள் அட்வான்ஸோடு வாசலில் நிற்பார்கள்.

அடுத்தது ஒயரிங். தடுப்புக்குள் பிவிசி பைப் போடணும் என்பார் எலக்ட்ரீஷியன். காதில் வாங்காதீர்கள். இரண்டு பலகைக்கும் நடுவே வெறும் ஒயரை இழுத்துவிட்டால் போதும். நீளம் பற்றவில்லையா? முறுக்கி, டேப் சுற்றி, பலகையால் மூடுங்கள். ஜங்ஷன் பாக்ஸ் எதற்கு? கடலோர உப்புக்காற்று அந்த முறுக்கைத் தின்பதை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? சுவிட்சுக்கு நேர்மேலே ஒயர் ஏறணும் என்பதெல்லாம் வீண் சம்பிரதாயம். குறுக்கே இழுத்தால் சில மீட்டர் மிச்சம். ஒயர் எங்கே ஓடுகிறதென்று, காலண்டர் மாட்ட ஆணி அடிக்கும்போது குடியிருப்பவரே கண்டுபிடித்துக்கொள்வார்.

எர்த்? பல்பை எரிய வைக்காத ஒயருக்குக் காசா? ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்றால் கம்பியைத் தடிமனாகக் கட்டுங்கள். அப்புறம் ஃபியூஸ் போகாது, வீடுதான் போகும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை வெட்டிவிடும் ஆர்.சி.சி.பி. வேண்டுமென்று மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. சொல்லட்டும். ஆணையமா வாடகை தருகிறது?

வருமானமும் உண்டு. மெயின் மீட்டர் ஒன்று, சப் மீட்டர் நாலு. 2016 முதல் அரசு தரும் 100 யூனிட் இலவசம் உங்களுக்கு. யூனிட்டுக்குப் பத்து ரூபாய் பில் அவர்களுக்கு.

கரண்டுக்காக வடசென்னை கொடுத்தது கொஞ்சமா? எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை புகை கக்கியது. வடசென்னை, வல்லூர் நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தை மூடியது. 2024இல் இன்னொரு 800 மெகாவாட் அனல்மின் நிலையம் வந்து சேர்ந்தது. மின்சாரம் ஊருக்கெல்லாம் போனது. இங்கிருப்பவர்களுக்குச் சாம்பலும், தலைமாட்டில் பலகைக்குள் ஒளிந்த சாவும்.

2017 நவம்பரில் கொடுங்கையூரில் தேங்கிய மழைநீரில் மின்சாரம் பாய்ந்து இரண்டு சிறுமிகள் செத்தார்கள். தெருவில் நடந்ததால் மின்வாரியத்தில் சிலரையாவது சஸ்பெண்ட் செய்தார்கள். தடுப்புக்குள் நடந்தால் அதுவும் கிடையாது. ‘மின்கசிவே காரணம்’ என்று எழுதிக் கோப்பை மூடுவார்கள். அந்தக் குற்றவாளிக்கு முகவரி இல்லை, ஜாமீன் தேவையில்லை.

மின்சாரம் தானாகக் கசிவதில்லை. பைப்பில் மிச்சம் பிடித்த கையும், ஒயரிங்கைப் பார்க்காமலே டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட கையும் சேர்ந்துதான் அதைக் கசியவிடுகின்றன. இதற்கு விபத்து என்று பெயரில்லை. கொலை.