ஆறு செய்யும் ஆக்கிரமிப்பு

ஆரணியில் கமண்டல நாகநதிக் கரையிலும் ஐந்து மாடிக் குடியிருப்புகள் எழத்தான் வேண்டும். ஆண்டில் பெரும்பாலான நாட்கள் மணலாகக் கிடக்கும் ஓர் ஆறு இவ்வளவு இடத்தை வளைத்துப் போட்டிருப்பதல்லவா ஆக்கிரமிப்பு! நிலப் பயன்பாட்டை மாற்ற 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. வேளாண் நிலத்தைக் குடியிருப்பு என்று திருத்தினால் போதும். தண்ணீரும் வரைபடத்தைப் பார்த்து ஒதுங்கிக்கொள்ளும். 2019 கட்டட விதிகளின்படி 18.3 மீட்டர் வரையுள்ள குடியிருப்பு உயர்மாடிக் கட்டடமே இல்லை என்பதால், ஆற்றின் கண்ணிலும் படாது. சென்னை முன்னோடியாக இருக்கிறது: பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியைக் குப்பைமேடும் கட்டடங்களும் விழுங்கிய பிறகே, எஞ்சியதற்கு 2022-இல் பன்னாட்டு ஈரநிலம் என்ற ராம்சர் கௌரவம் கிடைத்தது. பெருமை சேர வேண்டுமானால் முதலில் சுருங்க வேண்டும்.

வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்பார்கள். 2015 டிசம்பரில் அடையாறு சென்னைப் புறநகரான முடிச்சூருக்குள் நுழைந்தபோது கூடவே படகும் வந்தது. எந்த வீட்டுமனை விளம்பரமும் வாக்களிக்காத வசதி அது. அடைமழையில் தறிக்குழிக்குள் ஈரம் ஊறுகிறதே, ஆற்றை நெருக்கினால் எங்கள் கதி என்ன என்று ஆரணிப் பட்டு நெசவாளர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவர்களுக்கு ஐந்தாம் மாடியையே ஒதுக்கிவிடலாம். குழியை மட்டும் நான்காம் மாடிக்காரரின் அனுமதி வாங்கித் தோண்டிக்கொள்ளட்டும்.