ஐந்து ஏன்

ஒரகடம் தொழிற்சாலையில் ஒரு போல்ட் தளர்ந்தால் ஐந்து முறை "ஏன்" கேட்டுக் காரணத்தைத் தோண்டி எடுத்துவிடுவார்கள். ஷிப்ட் முடிந்து வல்லக்கோட்டை டீக்கடையில் உட்கார்ந்ததும் அதே ஆள், "இந்தப் பொடியால மச்சானுக்குச் சுகர் இறங்கிடுச்சு" என்ற செய்தியை ஒரு "ஏன்"கூடக் கேட்காமல் பத்துப் பேருக்கு அனுப்புவார். மச்சான் மாத்திரையும் போட்டார், சோற்றையும் குறைத்தார். அதெல்லாம் வாட்ஸ்அப்பில் வராது.

ஒப்பிட்டுக் கேட்கும் பழக்கம் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. இவ்விரு ஊர்களும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த காலம். 1968இல் அம்மாவட்டத்தில் காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதிக்கத் தொடங்கினார்கள். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் ஊசி. எது யாருக்கு என்று போட்டவருக்கே தெரியாது. பதினைந்தாண்டுக் கண்காணிப்பின் முடிவு: பெரியவர்களின் நுரையீரல் காசநோய்க்கு எதிராகப் பலனில்லை. அரசு ஆய்வு, அரசு ஊசி, பாதகமான முடிவு. மூன்றும் சேர்ந்தும் கோப்பு தொலையவில்லை; 1999இல் அச்சேறியது! (குழந்தைகளைக் காசநோய் மூளைக்காய்ச்சலிலிருந்து காப்பதால் ஊசி தொடர்கிறது, பாதியை மட்டும் வெட்டி ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.)

அந்தச் சுகர் பொடியை விற்பவரிடம், "ஒப்பிட்டுப் பார்க்க யாருக்காவது வெறும் மாவு கொடுத்தீங்களாண்ணே?" என்றேன்.

"கட்டுப்படியாகாது தம்பி, மாவு விலை ஏறிப்போச்சு."