திருப்பூரை நான் காப்பாற்றிய கதை

திருப்பூர்ச் சாயக் கழிவுநீர்ப் பிரச்சினைக்கு நான் ஒருமுறை தீர்வு கண்டுபிடித்தேன். ஊருக்குத்தான் அது தெரியாது. கெமிக்கல் எஞ்சினியரிங் கடைசி செமஸ்டரில், வாழைக்காய்த் தோலைக் கரியாக்கிச் சாயத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் 99 சதவீதம் சாயம் காணாமல் போகும் என்று நாங்கள் நாலு பேர் நிரூபித்தோம். தங்க எழுத்துப் பொறித்த ஹார்டு பைண்டிங்கில் துறைக்கு ஒன்று, கைடுக்கு ஒன்று, ஆளுக்கொன்று என்று பிரதி போட்டும் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகும் நொய்யல் ஆறு தெளியவில்லை என்றால் எங்களைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த ரிப்போர்ட்டை யாரும் நொய்யலுக்குப் படித்துக் காட்டவில்லை.

எஞ்சினியரிங், கெமிஸ்ட்ரி பக்கம் படித்தவர்களுக்கு இந்த ஜாதிப் ப்ராஜெக்ட் நன்றாகத் தெரியும். புளியங்கொட்டை, நெல் உமி, கொட்டாங்குச்சி, வேப்பிலை, ஆரஞ்சுத் தோல் என்று வீட்டில் எதையெல்லாம் தூக்கி எறிவோமோ அதையெல்லாம் கரியாக்கிச் சாயத்தை உறிஞ்சவைப்பது. செலவு குறைவு, ஒரு செமஸ்டரில் முடியும். மூன்றாவதாக ஒரு காரணம் உண்டு. அதை எந்த ரிப்போர்ட்டின் முன்னுரையிலும் எழுதமாட்டார்கள். இது தோற்காது. கரி என்று ஒன்று இருந்தால் கொஞ்சமாவது சாயத்தைப் பிடித்தே தீரும். ஜீரோத் ரிவ்யூவில் “இதில் நாவல்ட்டி என்னப்பா?” என்று கேட்டார்கள். போன வருட செட் புளியங்கொட்டையில் செய்திருந்தது, நாங்கள் வாழைக்காய். அந்த நாவல்ட்டி போதும் என்று விட்டுவிட்டார்கள்.

தோலுக்குக் கல்லூரி வாசலில் இருந்த பஜ்ஜிக் கடைதான் கதி. பை நிறையத் தோல் கேட்டதும் மாஸ்டர் ஏற இறங்கப் பார்த்தார். “என்ன தம்பி, ஹாஸ்டல்ல மாடு வளக்கிறீங்களா?”

“இல்லண்ணே, ஆராய்ச்சிக்கு.”

அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது. மறுநாளிலிருந்து தோலுக்குக் காசு கேட்டார்.

காயவைத்த தோலை மூசையில் அடைத்து மஃபிள் ஃபர்னஸில் வைக்க வேண்டும். காற்றுப் படாமல் சூடேற்றினால் கரி; காற்றுப் பட்டால் சாம்பல். இதை இரண்டாம் வருடத்திலேயே பரீட்சைக்கு எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். மூசைக்கு மூடி போடாமல் 600 டிகிரி வைத்துவிட்டு கேன்டீனுக்குப் போனவனும் நான்தான். வந்து திறந்தால் வெள்ளை வெளேரென்று ஒரு பிடிச் சாம்பல். லேப் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோய் வீட்டு ரோஜாச் செடிக்குப் போட்டார். வாழைத்தோல் சாம்பலில் பொட்டாசியம் அதிகம். எங்கள் ப்ராஜெக்டிலிருந்து யாருக்காவது உபயோகமாக ஏதாவது வந்தது என்றால் அது அந்தப் பொட்டலம் மட்டும்தான்.

சாயத்துக்கு மெத்திலீன் ப்ளூ. ஹைன்ரிஷ் காரோ 1876இல் ஜெர்மனியில் தயாரித்தது. அதை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று ரிப்போர்ட்டில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறோம். லேப் அலமாரியில் அந்தப் பாட்டில்தான் இருந்தது என்பது அந்தப் பக்கத்தில் இல்லை. சிட்டிகை தூளில் ஒரு வாளித் தண்ணீர் நீலமாகும். விரல், நகக்கண், சட்டைப் பை, கால்குலேட்டரின் சமக்குறி பட்டன் எல்லாம் நீலம். கரியைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அது நன்றாக ஒட்டியது என்று அப்போதே கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

எவ்வளவு சாயம் மிச்சமிருக்கிறது என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் எங்கள் துறையில் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கெமிஸ்ட்ரியில் இருந்தது. அதற்குக் கைடு கையெழுத்து, எங்கள் எச்.ஓ.டி. கையெழுத்து, அவர்கள் எச்.ஓ.டி. கையெழுத்து. அந்தக் கருவிக்கு எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட் செய்துகொண்டிருந்த ஓர் அக்கா பொறுப்பு. 664 நானோமீட்டரில் வைத்து ரீடிங் பார்த்துக்கொண்டே, நாங்கள் எதிர்பாராத கேள்வியைக் கேட்டார்.

“கரி போடாம, வெறும் சாயத் தண்ணிய ஃபில்டர் பண்ணி ரீடிங் எடுத்தியா?”

“இல்லக்கா. கரி இல்லேன்னா என்ன போகப்போகுது?”

“எடுத்துப் பாரு.”

எடுத்தோம். கரியை வடிகட்ட எப்போதும் வைக்கும் ஃபில்டர் பேப்பரை நாலாக மடித்துப் புனலில் வைத்து ஊற்றினால், கரி ஒரு துளியும் படாத தண்ணீர் கீழே வெளிறி வந்தது. காகிதத்தைப் பிரித்தேன். கூம்பின் நுனி இருந்த நடுப்பகுதி கரும் நீலம்; விளிம்புக்கு வர வர வெளிர் நீலம்; மூன்று மடிப்பாக இருந்த பக்கமும் ஒற்றையாக இருந்த பக்கமும் தனித்தனி நிறத்தில், கையால் தீட்டியதுபோல் இருந்தது. மெத்திலீன் ப்ளூ நேர்மின்சுமை கொண்டது. காகிதத்தின் செல்லுலோஸில் அங்கங்கே எதிர்மின்சுமை உண்டு. இரண்டும் சேர்ந்துகொண்டன. எங்கள் 99இல் வாழைக்காயின் பங்கு எவ்வளவு, கடையில் வாங்கிய காகிதத்தின் பங்கு எவ்வளவு என்று இனி யாராலும் சொல்ல முடியாது. “ஃபில்டர் பண்ணாத, சென்ட்ரிஃப்யூஜ்ல போட்டு எடு” என்றார் அக்கா. சரியான யோசனை. ஆனால் அதற்கு எல்லா ரீடிங்கையும் முதலிலிருந்து எடுக்க வேண்டும். செகண்ட் ரிவ்யூ தேதியோ போட்டாயிற்று. அந்த ரீடிங்கை நோட்டில் பென்சிலால் எழுதிவைத்தோம். ஏன் பென்சிலால் என்று விளக்க வேண்டியதில்லை.

மனசாட்சியைத் தேற்ற கிராஃப் கை கொடுத்தது. கரி எந்த வேகத்தில் சாயத்தைப் பிடிக்கிறது என்பதற்கு ‘சூடோ செகண்ட் ஆர்டர்’ என்றொரு சமன்பாடு உண்டு. போட்டால் புள்ளிகள் ஸ்கேல் வைத்து வரைந்த கோட்டில் வந்து உட்கார்ந்தன. ஆர் ஸ்கொயர் 0.999. அன்று ராத்திரி ஹாஸ்டலில் பரோட்டா என் செலவு. வருடங்கள் கழித்துத்தான் உட்கார்ந்து யோசித்தேன். அந்த கிராஃபில் கிடை அச்சு நேரம். செங்குத்து அச்சு, அதே நேரத்தைக் கரி பிடித்த சாயத்தின் அளவால் வகுத்த எண். கரி சீக்கிரமே நிறைந்துவிட்டால் அந்த அளவு மாறாது. அதற்குப் பிறகு நான் வரைந்தது நேரத்துக்கு எதிராக நேரத்தை. கடிகாரம் ஒழுங்காக ஓடுகிறது என்பதைக் கண்டுபிடித்ததற்குத்தான் நான் பரோட்டா வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படம் வேறோர் இடத்திலிருந்து காசு கட்டி வாங்க வேண்டியிருந்தது. வர நாளானது. அதற்குள் “நுண்துளைகள் தெளிவாகக் காணப்படுகின்றன” என்று கீழே எழுத வேண்டியதை எழுதி முடித்திருந்தோம். படம் வந்தது. மழை பெய்து காய்ந்த செம்மண் ரோட்டை மேலிருந்து எடுத்ததுபோல் இருந்தது. தேடினால் துளைகளும் இருந்தன. எழுதியதை மாற்றவில்லை.

ரிப்போர்ட் முழுக்க இர்விங் லாங்மியூரின் பெயர் வரும். கண்ணாடி, மைக்கா, பிளாட்டினம் போன்ற வழவழப்பான பரப்பில் வாயுக்கள் எப்படி ஒட்டுகின்றன என்று அவர் 1918இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த சமன்பாட்டைத்தான் ஊரெல்லாம் புளியங்கொட்டைக்கும் வாழைக்காய்க்கும் பொருத்துகிறார்கள். பரப்பு வேதியியலுக்காக 1932இல் நோபல் பரிசு வாங்கியவர். அந்த மனிதரே 1953இல் வேறொரு விஷயத்தைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தியிருக்கிறார் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. பொய் சொல்லும் எண்ணமே இல்லாத நல்ல ஆராய்ச்சியாளர்கள், ஆசையால் கண் மறைந்து, இல்லாததை இருப்பதாகக் காண்பது எப்படி என்பதுதான் பேச்சு. பிரெஞ்சு இயற்பியலாளர் ப்ளாண்ட்லோ 1903இல் ‘என்’ (N) கதிர் என்று ஒன்றைக் கண்டதாகச் சொன்னார். மறுவருடம் அமெரிக்காவிலிருந்து போன ராபர்ட் வுட், சோதனை நடந்த இருட்டறையில் யாருக்கும் தெரியாமல் கருவியின் பட்டகத்தை எடுத்துவிட்டார். அப்போதும் கதிர் அதே இடத்தில் தெரிந்துகொண்டிருந்ததாம். இந்த நோய்க்கு லாங்மியூர் அடையாளங்களும் பட்டியலிட்டிருக்கிறார். அதிலொன்று, எந்தக் கேள்வி கேட்டாலும் அந்த நொடியே ஒரு சமாதானம் தயாராக இருப்பது.

படித்ததும் எனக்கு எங்கள் வைவாதான் ஞாபகத்துக்கு வந்தது. “நிஜமான கழிவுத் தண்ணியில போட்டுப் பாத்தீங்களா?” என்று எக்ஸ்டர்னல் கேட்டார். ஒரு நொடியும் தாமதிக்காமல் “ஃப்யூச்சர் ஸ்கோப் சார்” என்றேன். செய்யாததையெல்லாம் இனிமேல் யாரோ செய்யப்போவதாக எழுதிவைக்கும் கடைசி அத்தியாயத்துக்கு அப்படிப் பெயர். அவரும் தலையாட்டினார். மார்க் நன்றாகவே வந்தது.

நிஜமான கழிவுத் தண்ணீரைப் பார்த்தவர் ஒருவரிடம் நானாகப் போய் மாட்டினேன். கூடப் படித்தவனின் மாமா திருப்பூரில் டையிங் மாஸ்டர். லீவில் அவன் வீட்டுக்குப் போனபோது ரிப்போர்ட்டைப் பெருமையாக நீட்டினேன். தங்க எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே புரட்டினார்.

“மெத்திலீன் ப்ளூங்களா? அந்தச் சாயத்த நாங்க போடறதே இல்லீங்களே தம்பி.”

பனியன் துணி பருத்தி. அதற்குப் போடுவது ரியாக்டிவ் சாயம். அதற்கு எதிர்மின்சுமை. எங்கள் கரி எந்த மின்சுமையை நம்பிப் பிழைப்பு நடத்தியதோ, அதற்கு நேர்மாறானது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“கலர் போறது பெருசில்லீங்க. உப்ப என்ன பண்ணுவீங்க?”

சாயம் பருத்தியில் ஏற உப்புப் போட வேண்டும். அடர் நிறமென்றால் லிட்டர் சாயத் தண்ணீருக்கு 50 கிராமுக்கு மேலும் போகும். துணியில் சாயம் தங்கும். உப்பு அப்படியே தண்ணீரோடு வெளியே வரும். நொய்யலையும் கிணறுகளையும் கெடுத்ததில் அந்த உப்புக்குப் பெரிய பங்கு. பாசனத்துக்காக 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, கழிவுநீர்த் தொட்டியாகிப்போனது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. மறுபடி திறந்தவர்கள், சவ்வில் வடித்து, மிச்சத்தைக் காய்ச்சி, தண்ணீரையும் உப்பையும் பிரித்து மீட்டுத்தான் தொழிலை ஓட்டினார்கள். கரைந்த உப்பை எந்தக் கரியும் பிடிக்காது. இதெல்லாம் பேப்பரில் வந்த செய்தி. திருப்பூர் என்ற பெயரை முன்னுரையில் பல இடத்தில் எழுதிய நாங்கள், பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவில் இருந்த ஊருக்குப் போய் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ப்ராஜெக்ட் தோற்றிருக்கும். கேட்காததும் அதனால்தானோ என்னவோ.

மாமா ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்து, “பைண்டிங் ஜோரா இருக்குதுங்க” என்றார்.

இப்போது நானே எக்ஸ்டர்னலாகப் போகிறேன். போன முறை ஒரு கல்லூரியில் ஒரு செட் பையன்கள் சாத்துக்குடித் தோலில் 98 சதவீதம் கொண்டுவந்திருந்தார்கள். கிராஃப் ஸ்கேல் வைத்ததுபோல் இருந்தது. அடுத்து வந்த பெண் அட்டவணையின் முதல் வரியிலேயே, கரி போடாமல் ஃபில்டர் மட்டும் செய்தபோது போன சாயத்தை எழுதி, மற்ற எல்லா ரீடிங்கிலும் அதைக் கழித்திருந்தாள். மிஞ்சியது சொல்லிக்கொள்ளும்படி இல்லை. “எங்க மெட்டீரியல் அவ்வளவா வேலை செய்யல சார்” என்றாள். எழுந்து நின்று கை கொடுத்திருக்க வேண்டும். மார்க் ஷீட்டில் நாவல்ட்டி, ரிசல்ட், பிரசன்டேஷன் என்று கட்டங்கள் இருந்தன. ரிசல்ட் கட்டத்தில் அவளுக்குக் குறைந்தது. பையன்களுக்கு ஏறியது.

காபி குடிக்கும்போது இன்டர்னலிடம், “அந்தப் பொண்ணுதான் சார் உண்மையில நல்லா பண்ணியிருந்துச்சு” என்றேன்.

“அப்புறம் ஏன் சார் குறைச்சுப் போட்டீங்க?”

அதற்கும் என்னிடம் உடனே ஒரு பதில் இருந்தது.