ஒரிஜினல் மாமா

மீன் வளர்ப்பவர் வீட்டுக்குப் போனால் முதலில் மீனைக் காட்டுவார்கள். புதுச்சேரி உப்பளம் ஒரிஜினல் மாமா தண்ணீரைக் காட்டுவார். மூன்றடித் தொட்டி நிறைய, ஆறிப்போன டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர்.

“மீன் எங்க மாமா?”

“சத்தம் போடாத தம்பி. பயந்துக்கும்.”

கால் மணி நேரம் மூச்சடக்கி நின்றால், கட்டை மறைவிலிருந்து ஒன்று எட்டிப் பார்க்கும். முன்பாதி வெள்ளி, குறுக்கே இரண்டு கறுப்புக் கோடு, பின்பாதி கரி. பிளாக் விடோ டெட்ரா. கடைகளில் இதே மீன் ரோஸ், ஊதா, பச்சை என்று பஞ்சுமிட்டாய் நிறங்களில் கிடைக்கிறது. சாயம் ஏற்றியதும் உண்டு. வெளிநாட்டில் வேறோர் உயிரினத்தின் மரபணுவைச் சேர்த்து ஒளிரவைத்ததும் உண்டு. அந்தப் பேச்சை எடுத்தாலே மாமாவுக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். “நம்மது வைல்டு டைப். ஆண்டவன் போட்ட டிசைன்.”

டெட்ராவுக்கு உப்புச் சேராத மென்மையான தண்ணீர் வேண்டும். மாமா குடியிருப்பதோ உப்பளத்தில், பெயரிலேயே உப்பு. அதனால் ஐப்பசி பிறந்ததும் மொட்டைமாடியில் டிரம் வரிசை ஏறிவிடும். வீட்டுக்குக் கேன் தண்ணீர், மீனுக்கு மழைத் தண்ணீர். விடிகாலையில் ஸ்டேடியம் பக்கம் வாக்கிங் போகிறவர்களில் குனிந்தபடியே நடப்பவர் மாமாதான். பாதாங்கொட்டை மரத்துச் சருகு பொறுக்குகிறார். தொட்டியில் போட்டால் கறை இறங்கித் தண்ணீர் லேசாகப் புளிக்கும். “வெளிநாட்ல இதை எண்ணி விக்கிறான் தம்பி.” தெருப் பெருக்கும் அம்மா இப்போது அவருக்கென்று ஒரு பை தனியாகக் கட்டிவைக்கிறார்.

போன பிறந்தநாளுக்கு மருமகன் ஆசையாக நாலு ரோஸ் டெட்ரா வாங்கிவந்தான். மாமா முகம் கொடுக்கவில்லை. அத்தை அவற்றைச் சமையலறை ஜன்னலோரம் சின்னத் தொட்டியில், குழாய்த் தண்ணீரிலேயே விட்டார். கொழுகொழுவென்று இருக்கின்றன. தெருப் பிள்ளைகள் மொத்தமும் அங்கேதான். கூடத்துத் தொட்டிக்கு என்னை விட்டால் ஆளில்லை.

பக்கத்துத் தொட்டியில் கொஞ்சம் நியான் டெட்ரா. 1930களில் அதை அமேசானிலிருந்து வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் ராபோ என்ற பிரெஞ்சுக்காரர். மாமா அவரை “நம்மாளு” என்பார். மாமாவின் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாய்; மாமாவிடமும் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இருக்கிறது. பிரான்சில் தேர்தல் என்றால் இஸ்திரி போட்ட சட்டையோடு ஓட்டுப்போட முதல் ஆளாக நிற்பார்.

ஒருநாள் கேட்டுவிட்டேன். “இந்த விடோவை எந்த ஆத்துல பிடிச்சாங்க மாமா?”

“பிடிக்கிறதா? வைல்டு கேட்ச் வேற, வைல்டு டைப் வேற. இதுங்க பொறந்தது சென்னை கொளத்தூர்ல. அப்பன், பாட்டன் எல்லாம் கொளத்தூர்தான். ஆனா ரத்தம் பராகுவே!”

“பராகுவேயைப் பாக்காமலேயா?”

“பாத்தாதானா?”

தொட்டிக்கு மேலே, பிரெஞ்சுச் சீருடையில் தாத்தா படம். சமையலறையிலிருந்து அத்தையின் குரல் மட்டும் வந்தது: “இவரு எப்ப பாரீஸ் போனாருன்னு கேளு தம்பி.”