அடிக்கோட்டு இலக்கணம்

யானையின் நோய்களுக்கும், குதிரையின் சுழிகளுக்கும், பல்லி விழும் பலனுக்கும், களவுக்கும்கூடச் சாஸ்திரம் கண்ட ஒரு தேசத்தில், படிக்க உட்கார்ந்த மனிதன் எழுதுகோலைக் கையில் எடுத்துத் தனக்கு முன்னால் பிறர் எழுதி வைத்த வாக்கியத்தின் கீழே ஏன் கோடு கிழிக்கிறான் என்பதற்கும், கிழித்த கோட்டினால் அவன் அடையும் பிரயோஜனம் யாது என்பதற்கும் தமிழில் ஓர் இலக்கணம் எழாமல் இருப்பது வித்வான்களுக்குப் பெருமை தரும் செய்தியன்று. காகிதமே கதியாக இருந்த காலத்தில் இக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. புத்தகத்தில் கால் பட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கமுடைய நம்மவர் அதில் பேனா படுவதையும் பாதி அபசாரமாகவே கருதி, பென்சிலால், அதுவும் மெல்லிசாக, யாரும் பாராதபோது கோடு கிழித்து வந்தனர். ஸ்டைலஸோடு கூடிய மின்நூல் வாசிப்புக் கருவி வந்த பிறகோ, கிழித்ததை வடுவின்றி அழிக்கலாம் என்ற தைரியம் பிறந்து, அச்சம் அடியோடு நீங்கிவிட்டது. அச்சம் நீங்கிய இடத்தில் இலக்கணம் வேண்டும் என்பதே இவ்வாராய்ச்சிக்குக் காரணம். (இக்கருவியை ஆயுதமென்று கொண்டு ஆயுத பூஜையில் வைப்பதா, நூலென்று கொண்டு சரஸ்வதி பூஜையில் வைப்பதா என்ற சந்தேகம், இரண்டும் நம் வீடுகளில் ஒரே நாளில் நடைபெறுவதால், தெய்வாதீனமாக எழவில்லை.)

இலக்கணம் சொல்லப் புகுவோர் இலக்கியத்தை முதலில் காட்டுதல் மரபு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் 1997-இல் தோன்றிய இ-இங்க் நிறுவனத்தாரின் மின்மையானது, ஏறக்குறைய ஒரு தலைமயிரின் பருமனே உடைய நுண்குமிழிகளின் திரள். ஒவ்வொரு குமிழிக்குள்ளும் தெளிந்த திரவத்தில் வெண்துகள்களும் கருந்துகள்களும் மிதக்க, ஒருவகை நேர் மின்னேற்றமும் மறுவகை எதிர் மின்னேற்றமும் உடையனவாதலால், கீழிருந்து வரும் மின்புலத்தின் குறிப்பறிந்து சில இடத்தில் வெண்மையும் சில இடத்தில் கருமையும் மேலெழுந்து எழுத்தாகின்றன. மேலெழுந்தது அப்படியே நிற்கும். நிற்பதற்கு மின்சாரம் வேண்டுவதில்லை, பக்கம் புரட்டுவதற்கே வேண்டும். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வேறு சிந்தனையில் ஆழ்ந்துவிடும் வாசகருக்கு இதைவிட அனுகூலமான ஏற்பாட்டை விஞ்ஞானம் இதுவரை செய்து கொடுத்ததில்லை.

சோனியின் லிப்ரியே 2004-இல் ஜப்பானிலும், கிண்டில் 2007-இல் அமெரிக்காவிலும் வெளிவந்தபோது அவற்றில் படிக்க முடிந்ததேயன்றிப் பேனா பிடித்து எழுத முடியவில்லை. நார்வே நாட்டாரின் ரிமார்க்கபிள் 2017-இலும், கிண்டில் ஸ்க்ரைப் 2022-இலும் வந்தபோது, வாசகர் பலர் கருத்துச் சொல்லும் உரிமையைக் கையெழுத்தாகவே பெற்றனர். இவற்றின் பேனாவில் மையுமில்லை, மின்கலமுமில்லை. திரைக்கு அடியிலுள்ள கம்பி வலை எழுப்பும் மெல்லிய மின்காந்தப் புலத்திலிருந்தே, பேனாவுக்குள் உள்ள சுருள் தனக்கு வேண்டிய சக்தியை வாங்கிக்கொண்டு, தான் இருக்கும் இடத்தையும் தன்மேல் விழும் அழுத்தத்தையும் திருப்பித் தெரிவிக்கிறது. இதில் வியப்புக்குரியது வேறொன்று. காகிதத்தின் சொரசொரப்பைப் பல நூற்றாண்டு பாடுபட்டுத் தேய்த்து மழமழப்பாக்கிய மனித குலம், மழமழப்பான திரை கிடைத்ததும், எழுதும்போது சற்றே உராயவேண்டும் என்று அதைப் பாடுபட்டுச் சொரசொரப்பாக்கியது. அவ்வுராய்வினால் பேனாவின் முனை தேயும் என்பதை முன்னறிந்து மாற்று முனைகளையும் விற்கிறது.

இனி, கோட்டுக்கும் குறிப்புக்கும் உறைவிடமாகிய ஓரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எட்கர் ஆலன் போ புத்தகம் வாங்கும்போது ஓரம் அகலமாக உள்ளதா என்று பார்த்து வாங்குவார் என்பதும், எழுத வேண்டியது ஓரத்தில் அடங்காதபோது தனிச் சீட்டில் எழுதிப் பிசின் தடவிப் பக்கங்களுக்கிடையே ஒட்டிவிடுவார் என்பதும் அவரே 1844-இல் எழுதிய செய்திகள். அவருக்குச் சுமார் இரண்டு நூற்றாண்டுக்கு முன், 1637-ஐ ஒட்டிய காலத்தில், பியர் ட ஃபெர்மா என்ற பிரெஞ்சுக்காரர் டயோஃபாண்டஸின் கணித நூலின் ஓரத்தில் ஒரு தேற்றத்தை எழுதி, இதற்கு அற்புதமான நிரூபணம் உண்டென்றும் ஓரத்தின் குறுக்கம் அதற்கு இடங்கொடுக்கவில்லை என்றும் குறித்துப் போக, ஆண்ட்ரூ வைல்ஸின் நிரூபணம் 1995-இல் அச்சாகும் வரையில் கணித வித்வான்கள் உறக்கமிழந்தனர். அகலமற்ற ஓரத்தினால் கணிதம் அடைந்த லாபம் இவ்வளவு. விரலால் இழுக்க இழுக்க நீளும் ஏடுகள் கொண்ட இக்காலத்துக் கருவி ஃபெர்மாவின் கையில் இருந்திருந்தால், இடம் போதாது என்று சொல்லித் தப்ப வழியின்றி நிரூபணத்தை முழுதும் எழுதவேண்டி வந்திருக்கும். பக்கத்து ஊர்க் கணக்கர் ஒருவர் பிழை கண்டு சொல்ல, அன்றைக்கே சங்கதி முடிந்திருக்கும்.

மின்நூலின் ஓரத்துக்கு வேறொரு தோஷம் உண்டு. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் இடம் பெயர்கின்றன. முன்பு பக்கத்தின் தலையில் நின்ற வாக்கியம் காலடிக்கும், அங்கிருந்து அடுத்த பக்கத்துக்கும் இறங்கிவிடுகிறது. வாக்கியம் போன இடத்துக்குக் கையெழுத்தும் கூடவே போகவேண்டுமே என்ற சங்கடத்தினால்தான், ஸ்க்ரைப் முதலில் வெளிவந்தபோது, சாதாரண மின்நூலின் எழுத்துக்களின்மேல் நேரே எழுத விடாமல், வாக்கியத்தோடு பிணைத்த ஒரு சீட்டில் எழுதச் செய்தார்கள். போவின் பிசின் தடவிய சீட்டுக்கு இது பேரன் முறை. பக்க அமைப்பு மாறாத பிடிஎஃப் நூல்களில் மட்டும் மனம்போல் எழுதலாம். ஆயினும் அங்கும் அம்புக்குறி ஒன்றை வரைந்து இந்தப் பக்கத்துச் சொல்லை அடுத்த பக்கத்துச் சொல்லோடு கூட்ட முயன்றால், கோடு திரையின் விளிம்பில் முட்டி நின்றுவிடுகிறது. எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கிடக்கும் சொல்லோடு மாட்டி முடிப்பதில் இணையற்ற உரையாசிரியரான நச்சினார்க்கினியர் இக்கருவியைக் கண்டிருந்தால், ஓலையே தேவலை என்று திருப்பிக் கொடுத்திருப்பார் என்பது நம் துணிபு.

அது நிற்க. நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்று நன்னூலார் வகுத்தது நூல் செய்வாரை நோக்கியேயாயினும், கோடு கிழிப்பாருக்கும் அது அப்படியே பொருந்தி வருவதைக் காணுந்தோறும் பவணந்தி முனிவரின் தீர்க்கதரிசனம் நம்மை நாணச் செய்கிறது. எல்லா வரியின் கீழும் கோடிட்டுக் கோடில்லாத வரியே சிறப்புடையதாகத் தோன்றச் செய்தல் மிகைபடக் கூறலாம். ஆசிரியர் ஒரு விஷயம் முக்கியம் என்று எழுதியிருக்க, அதன் அருகில் ‘முக்கியம்’ என்று எழுதுதல் கூறியது கூறலாம். வெறும் ஆச்சரியக் குறியோடு நிறுத்திக்கொள்ளுதல் வெற்றெனத் தொடுத்தல். வேதாந்த விசாரத்தின் ஓரத்தில் பால் கணக்கும், தொலைபேசியில் பேசிக்கொண்டே வரைந்த தாமரைப் பூவும் காணப்படுதல் மற்றொன்று விரித்தல். எழுதியவராலேயே மறுநாள் படிக்க இயலாத கையெழுத்தை மயங்க வைத்தலில் அடக்குவர். ‘கையெழுத்தை அச்செழுத்தாக மாற்றித் தரும் வித்தை கருவியிலேயே உண்டே’ எனின், உண்டு. அது மயக்கத்தைத் தெளிவான அச்செழுத்தில் தருகிறது.

இவை யாவும் சில்லறைக் குற்றங்கள். விரித்து ஆராயத்தக்கது சென்று தேய்ந்திறுதல் ஒன்றே. முதல் அத்தியாயத்தில் மஞ்சள் பூசிய மணப்பெண்ணைப் போல் கோடும் குறிப்புமாகப் பொலிகின்ற நூல், இரண்டாம் அத்தியாயத்தில் அங்கொன்று இங்கொன்றாகி, மூன்றாவதில் ஒரே ஒரு கேள்விக்குறியோடு நின்று, அதற்கப்பால் அச்சகத்திலிருந்து வந்த தூய்மையோடு விளங்குவதைப் பார்த்திராதவர் இலர். காகித யுகத்தில் இது அவரவர் அலமாரியின் ரகசியமாக இருந்தது. மின்நூல் வந்து அதைப் பகிரங்கமாக்கியது. எந்த வாக்கியத்தில் அதிகம் பேர் கோடிட்டனர் என்பதைக் கிண்டில் வெளியிட்டு வந்ததைக் கண்ட ஜோர்டன் எல்லன்பர்க் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர், 2014-இல், ஒவ்வொரு நூலிலும் மிகுதியாகக் கோடிடப்பட்ட ஐந்து இடங்களின் பக்க எண்களைச் சராசரி செய்து, அது நூலின் மொத்தப் பக்கங்களில் எத்தனை சதவீதம் என்று கணக்கிட்டார். ஸ்டீபன் ஹாக்கிங்கின் ‘காலத்தின் சுருக்கமான வரலாறு’, வாங்கியவர் பலராலும் படித்து முடிக்கப்படாத நூல் என்ற கீர்த்தி பெற்றிருந்தமையால், அளவுகோலுக்கு அவர் பெயரையே சூட்டினார். அந்நூல் பெற்ற எண் 6.6. அவ்வாண்டில் எல்லார் கையிலும் விளங்கிய தாமஸ் பிக்கெட்டியின் ‘இருபத்தோராம் நூற்றாண்டில் மூலதனம்’ பெற்றதோ 2.4. ஏறக்குறைய எழுநூறு பக்கமுடைய அந்த நூலில் ஜனங்கள் போற்றிக் கோடிட்ட ஐந்து இடங்களும் முதல் இருபத்தாறு பக்கத்துக்குள் அடங்கிவிட்டன. பேராசிரியர் இதை வேடிக்கைக் கணக்கென்றே சொன்னார்; நாமோ இதனை இத்துறையின் ஆதாரக் கணிதமாகக் கொள்கிறோம். கோடு என்பது படித்ததற்குச் சாட்சி என்று நம்பியிருந்தவர்களுக்கு, அது படிப்பை நிறுத்திய இடத்தின் எல்லைக்கல் என்பதை இவ்வெண்கள் தெளிவிக்கின்றன.

பிறர் கோடிட்ட இடத்தைப் புள்ளிக்கோட்டால் காட்டி, இத்தனை பேர் இதை விரும்பினர் என்று எண்ணும் சொல்லும் வசதியினால் இன்னொரு விளைவும் உண்டு. ஆயிரம் பேர் கோடிட்ட வாக்கியத்தைக் கோடிடாமல் தாண்டிச் செல்ல மிகுந்த மனோதிடம் வேண்டும். அது சாமானிய வாக்கியமாகத் தோன்றினாலும், நம் அறிவிலேயே ஏதோ குறையென்று ஐயுற்று, ஆயிரத்தோராவது கோட்டையும் சேர்த்துவிடுகிறோம்.

இவ்வாராய்ச்சியின் மையமான கேள்விக்கு இப்போது வருகிறோம்: குறிப்பு எழுதுவது யாருக்காக? ‘தனக்காக’ என்பர். அற்று அன்று. தனக்காக எழுதியவர் தாம் எழுதியதைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது அனுபவ சித்தம். ஓரக்குறிப்பு அடுத்து அப்புத்தகத்தை எடுப்பவருக்காகவே பிறந்தது. சார்லஸ் லாம், புத்தகக் கடன் வாங்குவோரைப் பற்றி 1820-இல் எழுதிய கட்டுரையில், கோல்ரிட்ஜ் போன்றவருக்குப் புத்தகம் கொடுத்தால் அது வட்டியும் முதலுமாக, குறிப்புகளால் விலை மிகுந்து திரும்பி வரும் என்று பரிந்துரைத்தார். கோல்ரிட்ஜ் தம் புத்தகத்திலும் பிறர் புத்தகத்திலும் எழுதிய ஓரக்குறிப்புகளைத் திரட்டி அச்சிட்டபோது ஆறு பெருந்தொகுதிகள் ஆயின. அவ்வளவு தூரம் போவானேன்? நம்மூர்க் கிளை நூலகத்தில் நாவலொன்றை எடுத்தால், ஓரத்தில் ஒருவர் ‘அருமை’ என்று எழுதியிருப்பார். அதற்குக் கீழே வேறொருவர் ‘எது அருமை?’ என்பார்; மூன்றாமவர் ‘நூலகப் புத்தகத்தில் எழுதாதீர்’ என்று மையினால் எழுதியிருப்பார். மூலம், உரை, மறுப்பு, மறுப்பின் கண்டனம் என்று பாஷ்ய பரம்பரை முழுதும் அந்த இரண்டு அங்குல ஓரத்தில் அடங்கியிருக்கும். மின்நூலில் எழுதியது எழுதியவரின் கணக்குக்குள்ளேயே பூட்டிக் கிடக்கிறது. அடுத்து எடுப்பவர் என்று அங்கே ஒருவர் இல்லை. உலகத்தில் எழுதுவதற்கு இதற்குமுன் இராத சௌகரியம் எல்லாம் செய்து முடிந்தவுடன், எழுதியதைப் படிப்பவரை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

படிப்பவர் போனதோடு நில்லாமல், ஒரு சமயம் மூலமும் போயிற்று. 2009 ஜூலையில், உரிமையில்லாத ஒரு பதிப்பாளர் விற்ற பிரதிகள் என்று கண்டு, ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ என்ற இரு நூல்களையும், அவற்றை வாங்கியிருந்தவர்களின் கிண்டிலிலிருந்து அமேசான் தொலைவிலிருந்தபடியே அழித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பள்ளிப் பாடத்துக்காக ‘1984’-இல் குறிப்பெழுதி வந்த ஒரு மாணவர், நூல் போனபின் தம் குறிப்புகள் எதைக் குறித்தன என்று தெரியாமல் பயனற்றுப்போயின என நீதிமன்றம் சென்றார். அமேசான் தலைவர் மன்னிப்பும் கேட்டார். வளையாபதியிலும் குண்டலகேசியிலும் பல செய்யுட்கள், உரையாசிரியர்களும் தொகை செய்தவர்களும் எடுத்தாண்டமையாலேயே நமக்கு எஞ்சின. மூலம் அழிந்தும் உரை காப்பாற்றியது என்று நாம் பெருமை பேசுகிறோம். அம்மாணவரின் உரையும் மூலம் அழிந்தபின் எஞ்சத்தான் செய்தது. ஆனால் பழைய உரைகாரர் செய்யுளை முழுதும் எடுத்தெழுதிவிட்டுப் பொருள் சொன்னார். இவரோ, மூலம் எங்கே ஓடிவிடப் போகிறது என்ற நம்பிக்கையில், ஓரத்தில் தம் கருத்தை மட்டும் எழுதினார். வருங்கால உரையாசிரியர் இதனை விதியாகக் கொள்க: மேற்கோளைத் தன் கையாலேயே எழுதுக. ஸ்டைலஸ் இருப்பது அதற்குத்தான்.

மேற்கூறிய குறைகளுக்கெல்லாம் பரிகாரமாக நாம் வகுக்கும் விதி ஒன்று உண்டு. குறிப்பெழுதி முடித்த கருவியை, எழுதியவர், தம் கருத்துக்கு மாறான கருத்துடைய ஒரு நண்பரிடம் ஒரு வாரத்துக்கு இரவல் கொடுக்கவேண்டும். அவர் அதே பேனாவினால் அதே ஓரத்தில் மறுப்பெழுதித் திருப்பித் தரவேண்டும். கோல்ரிட்ஜின் முறையும் நூலகத்து முறையும் இவ்வாறு மீண்டும் உயிர்பெறும். இதற்கு ஆட்சேபம் ஒன்றே. அக்கருவியில் புத்தகத்தோடு நாட்குறிப்பும், வரவு செலவும், மேலதிகாரிக்கு எழுதி அனுப்பாமல் வைத்த கடிதமும் இருக்கின்றன. ஆதலால் புத்தகத்தை இரவல் கொடுக்கத் துணிந்தவரும் கருவியை இரவல் கொடுக்கத் துணிவதில்லை. துணிந்த ஓரிருவரும் கருவியைக் கொடுத்துவிட்டுக் கடவுச்சொல்லைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். இவரைக் கொடுத்தார் வரிசையில் வைப்பதா, கொடாதார் வரிசையில் வைப்பதா என்பது தனியே ஆராயத்தக்கது.