ஆச்சி எறியாத வளையம்

போர் முடிந்து வன்னிக்குத் திரும்பி வந்த பிறகு எங்கள் வீட்டில் நெல்லுக்கு அடுத்தபடி நன்றாக விளைந்தது சான்றிதழ்தான். தலைமைத்துவம், கணக்கேடு எழுதுதல், முரண்பாட்டுத் தீர்வு, கோழி வளர்ப்பு என்று ஒரு கோப்பு நிறையக் கிடக்கிறது. கோழிகள் செத்துப்போய் வருசக்கணக்காகிறது. கோழி வளர்ப்புச் சான்றிதழ் மட்டும் இன்னும் மினுங்கிக்கொண்டிருக்கிறது.

அந்த வரிசையில் கடைசியாக வந்தது, சிறுதொழில் தொடங்குவோருக்கான ஆக்கச் சிந்தனைப் பயிற்சி. கிளிநொச்சியில் ஒரு பொது மண்டபம், இரண்டு நாள், மத்தியானம் கோழிக்கறிச் சோறு. பயிற்சி தர வந்த தம்பி கொழும்புப் பிள்ளை, நல்ல பிள்ளை. வந்ததும் பலகையில் மூன்று வரிசையாக ஒன்பது புள்ளி வைத்தார். பேனாவை எடுக்காமல் நாலே நாலு நேர்கோட்டில் எல்லாப் புள்ளியையும் தொட வேண்டும் என்றார். அரை மணித்தியாலம் கீறிக் கீறிக் கொப்பி கிழிந்தது. கடைசியில் அவரே போட்டுக் காட்டினார். கோடு புள்ளிகளைத் தாண்டி வெளியே போய்த் திரும்பி வருகிறது.

"வெளியே போகலாம் என்று ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை?"

எனக்குப் பக்கத்தில் இருந்த மெக்கானிக் அண்ணை எழும்பினார். "வெளிய போறதெண்டா முந்தி பாஸ் எடுக்க வேணும் தம்பி. பிணைக்கும் ஒராள் நிக்க வேணும்."

மண்டபமே சிரித்தது. தம்பி மட்டும் சிரிக்கவில்லை. போர்க்காலத்தில் வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் எடுத்த கதை அவருக்கு விளங்கவில்லை. விளங்கின எங்களுக்கும் சிரிப்பு வந்தது போலவே சட்டென்று நின்றது.

அடுத்தது வளையம் எறிதல். நடுவில் ஒரு கட்டை, கையில் மூன்று வளையம், எவ்வளவு தூரத்தில் நின்றும் எறியலாம். இது சும்மா விளையாட்டில்லை. டேவிட் மெக்லெலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளருக்குப் பிடித்த சோதனை. கட்டைக்குக் கிட்ட நின்று போடுகிறவன் பயந்தவன், எட்டாத தூரத்தில் நின்று எறிகிறவன் கனவு காண்கிறவன், எறிந்தால் விழவும் கூடும் விழாமலும் போகும் என்ற நடுத்தூரத்தில் நிற்கிறவன்தான் தொழில் முயற்சியாளன். 1964 இல் ஆந்திராவின் காக்கிநாடா வியாபாரிகளைக் கூட்டி, சாதிக்கும் ஆசையைப் பயிற்சியால் வளர்க்கலாமா என்று பார்த்தவரும் இவரேதான். அந்த வளையம் ஐம்பது வருசம் உருண்டு எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்திருந்தது.

நான் கௌரவத்துக்காக நடுத்தூரத்தில் நின்று மூன்றையும் தவறவிட்டேன். ஒன்று சாப்பாட்டுப் பார்சலுக்கு மேல் விழுந்தது.

பிறகு ஒரு ஆச்சி வந்தார். நேரே கட்டையடிக்குப் போய், குனிந்து, மூன்று வளையத்தையும் ஒவ்வொன்றாகக் கொழுவிவிட்டு நிமிர்ந்தார்.

"அம்மா, நீங்கள் ரிஸ்க் எடுக்கவில்லையே" என்றார் தம்பி.

"நான் 2009 மட்டும் எடுத்தது காணும் ராசா. இனிக் கிட்ட நிண்டுதான் போடுவன்."

தம்பி தன் தாளில் ஏதோ எழுதினார். ஆச்சிக்கு எத்தனை புள்ளி போட்டாரோ தெரியாது.

தேநீருக்குப் பிறகு, வாழ்க்கையில் செய்த ஒரு புதுமையை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும் என்றார். மெக்கானிக் அண்ணை, "எனக்கு அப்பிடி ஒண்டும் இல்லை" என்று இருந்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. இந்த மனுசனைப் பற்றி எனக்குத் தெரியும். 1990 இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் கண்ணால் காணாத பொருளானபோது மண்ணெண்ணெயில் எம்.டி. 90 மோட்டார் சைக்கிள் ஓட்டினவர். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் பற்றாது. ஆகவே சின்ன பிளாஸ்டிக் போத்தலில் உள்ள பெற்றோலைக் காற்றுப் போகிற வழியில் நாலு துளி பீச்சியடிக்க வேண்டும், உடனே உதைக்க வேண்டும், எஞ்சின் சூடேறும் மட்டும் முறுக்கிப் பிடிக்க வேண்டும். அதற்குப் பிறகு மண்ணெண்ணெய் தானாக இழுபடும். பின்னால் போகிற புகையில் ஒரு கல்யாண ஊர்வலத்தை மறைக்கலாம். நாலு துளியா ஐந்து துளியா என்பதை எஞ்சினில் காதை வைத்துச் சொல்லுவார். அதே காலத்தில் வீடுகளில் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, திரி போட்டு, போத்தலையே சிமினியாக்கிப் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம்.

"ஏனண்ணை சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"அது புதுமையே? இல்லாததால செய்தது."

அப்போது வீதியில் பீத்தோவன் கேட்டது. பாண் ஓட்டோ. 1810 இல் அவர் யாரோ எலீசுக்காக எழுதிய மெட்டு, இலங்கை முழுக்கப் பாணும் பணிசும் விற்கிறது. தம்பி, "ஒரு நிமிடம்" என்று வெளியே ஓடி மாலுபாண் வாங்கிவந்தார். அந்த இரண்டு நாளிலும் மண்டபத்தில் நடந்த ஒரே வியாபாரம் அதுதான்.

கடைசியில் எல்லோரும் தொழில் திட்டம் எழுதினோம். பாதிக்கு மேல் மிளகாய்த்தூள். எல்லோரும் இடித்தால் ஆர் வாங்குவது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் வித்தியாசமானவன் அல்லவா, காளான் என்று எழுதினேன். மரத்தூளில் தவிடும் சுண்ணாம்பும் கலந்து பையில் அடைத்து, அவித்து, வித்து ஊன்றி, கொட்டிலில் கட்டித் தொங்கவிட்டேன். சிப்பிக் காளானுக்குக் குளிர்ச்சி வேண்டும். கிளிநொச்சியில் ஆவணி மாதத்தில் குளிர்ச்சி எங்கே இருக்கிறது? கொட்டிலைச் சுற்றிச் சாக்குக் கட்டி, மூன்று நேரமும் தண்ணீர் தெளித்தேன். எனக்கு ஒரு நாளும் அப்படி விசிறாத மனுசி, காளானுக்கு விசிறினாள். முளைத்தது என்னவோ முளைத்தது. விற்கப் போனால், "மழை பெய்யாமல் எப்பிடித் தம்பி முளைச்சது?" என்று சந்தேகமாகப் பார்த்தார்கள். ஒரு கிழமை காலையும் மாலையும் நாங்களே சாப்பிட்டோம்.

மிச்சத்தைக் காயவைத்து, வவுனியாவில் ஒரு கடைக்குக் காட்டலாம் என்று பஸ் ஏறினேன். முறிகண்டியில் பஸ் நின்றது. நிற்காமல் போகுமா? கண்டி வீதியில் எந்தச் சாரதியும் அந்தப் பிள்ளையாருக்கு ஒரு கற்பூரமோ ஒரு குத்தியோ போடாமல் போகமாட்டார். இறங்கினால் வரிசையாகக் கச்சான் கடை. எல்லாக் கடையிலும் அதே கச்சான், அதே விலை, அதே கூப்பாடு. பயிற்சியில் சொன்ன 'தனித்துவம்' மருந்துக்கும் இல்லை.

ஒரு அக்காவிடம் வாங்கினேன். சுண்டில் கொஞ்சம் குறைத்தே அள்ளிப் பையில் கொட்டினார். பிறகு ஒரு கை, பிறகு இன்னொரு கை. "இது சும்மா போடுறன் தம்பி."

"நிறைய அள்ளியே போடலாமே அக்கா?"

"நிறைய அள்ளிப்போட்டுக் கொஞ்சம் எடுத்தா முகம் கறுக்கும். குறைய அள்ளிப்போட்டுக் கூட்டினா சனம் அடுத்தமுறையும் என்னட்டத்தான் வரும்."

எங்கள் தம்பியின் இரண்டு நாள் பயிற்சியும் இதிலே முடிந்துபோனது. விடாமல், "பக்கத்திலயும் கச்சான், அங்காலயும் கச்சான். போட்டி இல்லையோ?" என்று கேட்டேன்.

"நான் தனியா நிண்டா ஆர் இறங்குவினம்? வரிசையைக் கண்டுதான் சனம் இறங்குது."

விற்கிறவர்கள் ஏன் ஒட்டி ஒட்டி நிற்கிறார்கள் என்று 1929 இல் ஹரோல்ட் ஹொட்டெலிங் என்ற பொருளியலாளர் கணக்குப் போட்டு ஒரு கட்டுரை எழுதினார். அதில் பிள்ளையார் வரவில்லை. ஆகவே முறிகண்டிக்கு அது முழுதாகப் பொருந்தாது.

"பையுக்குள்ள என்ன தம்பி?"

"காஞ்ச காளான்."

ஒரு துண்டை எடுத்து மணந்து பார்த்தார். முறித்துப் பார்த்தார். தாச்சியில் சூடேறிக்கொண்டிருந்த மணலைப் பார்த்தார்.

"உப்புப் போட்டு வறுத்தா மொறுமொறுக்குமோ?"

எனக்குத் தெரியவில்லை. சான்றிதழ் எதிலும் அது இல்லை. கொண்டக்டர் சத்தம் போட்டார். பையை அவரிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய் ஏறினேன். யன்னலால் பார்த்தபோது அவர் ஒரு பிடியை மணலில் போட்டு, பக்கத்துக் கடைக்காரியையும் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.