வாயால சொல்லுங்க, மாப்ள

"எப்படி வருதுங்க? வாயால சொல்லுங்க பார்க்கலாம்."

வண்டி பக்கத்திலேயே நிற்கும். சாவியும் கையில் இருக்கும். ஒரு சுற்று ஓட்டினால் சத்தம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும். ஆனால் சத்தநிபுணருக்கு அது போதாது. வண்டி போடும் சத்தம் வெறும் அரிசி. அதை நம் வாயில் போட்டு அரைத்து மாவாகக் கொடுத்தால்தான் அவரால் தோசை சுட முடியும்.

நான் யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. குறிப்பாக, என் சின்ன மாமனாரை வைத்து எழுதவே இல்லை. நாமக்கல் மாவட்டத்தில் தடுக்கி விழுந்தால் இப்படி ஒருவர் மேல்தான் விழ வேண்டும். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. டீசல் வாசம் படாமல் இந்தப் பக்கம் யாரும் வளர்ந்துவிட முடியாது. ஆகவே நான் சொல்லும் மனிதர் யாராகவும் இருக்கலாம். அவர் இருபத்தைந்து வருடம் சொந்த லாரி ஓட்டியவர், சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் காற்று பார்க்கும் கேஜ் வைத்திருப்பவர் என்பதெல்லாம் தற்செயல்.

என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப். கொல்லிமலையில், சோளக்காட்டுக்கு அப்பால் கொஞ்சம் மிளகும் காப்பியும் இருக்கின்றன. கடைசி மூன்று கிலோமீட்டர் மண்பாதை. மழை பெய்தால் சாதா வண்டி ஏறாது. போன ஐப்பசியில் அவரும் நானும் தோட்டத்துக்குப் போய்விட்டு இறங்கிய மறுநாள் ஆரம்பித்தது அந்தச் சத்தம். வரும், போகும். வேகம் கூடினால் கூடும். பட்டறை வாசலை மிதித்தால் மட்டும் வராது.

"நறநறன்னு வருதுங் மாமா" என்றேன்.

கண்ணை மூடினார். "இன்னொருக்கா."

"நறநற."

"இருக்காதுங் மாப்ள. நறநறங்கறது பல்லு. பல்லு இருக்கறது கியர் பாக்ஸ்ல. கியர் மாத்தறப்ப வருதுங்களா?"

"இல்லீங்."

"அப்ப நறநற இல்ல. கரகரவா, கறகறவான்னு நிதானமாச் சொல்லுங்க."

சின்ன ர, பெரிய ற குழப்பத்துக்காகத் தமிழய்யாவிடம் நான் வாங்கிய பிரம்படி கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் கணக்கு நாற்பத்தேழாவது வயதில் ஒரு திண்ணையில் மறுபடி திறக்கப்படும் என்று நினைக்கவில்லை. சின்ன ர போட்டால் பேரிங்கில் கிரீஸ் வற்றியிருக்கிறதாம். பெரிய ற போட்டால் பிரேக் பேட் தேய்ந்து, தகடு நேராக டிஸ்க்கில் உரசுகிறதாம். அதோடு நிற்காது. பிரேக் அடிக்கும்போது 'கீச்' என்றால் பேட் முடியப் போகிறது. ரிவர்ஸ் போட்டு கிளட்ச்சை விடும்போது 'டக்' என்று ஒரு அடி விழுந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு மாதிரி, விட்டால் இன்னொரு மாதிரி 'உய்ய்' என்று அழுதால் கிரௌன் பினியன். வேகத்தோடு 'ங்ங்ங்' ஏறிக்கொண்டே போனால் வீல் பேரிங். இடப்பக்கம் திருப்பும்போது அது கூடினால் வலச் சக்கரம், வலப்பக்கம் திருப்பும்போது கூடினால் இடச் சக்கரம். வளைவில் பாரம் எதிர்ப்பக்கச் சக்கரத்தின் மேல்தானே சாயும்!

இதில் கொடுமை, சொன்னதெல்லாம் சரி. எந்தப் பட்டறையில் கேட்டாலும் ஏறக்குறைய இதையேதான் சொல்வார்கள். தப்பாகப் பேசுகிற மனிதரென்றால் எழுந்து போய்விடலாம். சரியாகப் பேசுகிறவரிடம்தான் மாட்டிக்கொள்கிறோம்.

இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்பது தொல்காப்பியர் காலத்து இலக்கணம். மாமாவின் இரட்டைக்கிளவியை நம்பி வண்டியைப் பிரித்தால் நம் பொருளும் போகும் என்பது அனுபவம்.

அதன் பிறகு என் வாய் எனக்குச் சொந்தமாக இல்லை. அலுவலகத்தில் இருக்கும்போது போன் வரும். "மாப்ள, ராத்திரி யோசிச்சேன். அந்தச் சத்தத்த இன்னொருக்கா போடுங்க." பக்கத்து மேஜைக்காரர் நிமிர்ந்து பார்க்க, நான் மாடிப்படிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று போட்டுக் காட்டுவேன். "சத்தமாங்க" என்பார். பால் வாங்கப் போன இடத்தில் போட்டேன். டீக்கடையில் போட்டேன். உச்சம், ராசிபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தி. ரசம் ஊற்றும் நேரத்தில் எதிர் வரிசையிலிருந்த ஒரு ரிக் ஓனரை மாமா கைதட்டிக் கூப்பிட்டார்.

"இந்தச் சத்தத்தக் கேளுங்க. மாப்ள, போடுங்க."

போட்டேன்.

ரிக் ஓனர் கையைச் சோற்றில் வைத்தபடியே யோசித்தார். "சென்டர் பேரிங்" என்றார். அவருக்கு அடுத்த இலைக்காரர், "இல்லீங், ஹவுசிங்ல ஆயில் இல்ல" என்றார். "நல்லாக் கேக்கல, இன்னொருக்கா" என்றார் மூன்றாமவர். மறுபடி போட்டேன். ரசம் ஊற்ற வந்த பையன் வாளியோடு நின்று கேட்டுவிட்டு, "அண்ணனுக்குச் சளி புடிச்சிருக்குங்" என்று சொல்லி இன்னொரு கரண்டி மிளகு ரசம் ஊற்றிவிட்டுப் போனான். என் மனைவி அந்தப் பந்தியிலிருந்து எழுந்தவள், வீடு வரும்வரை பேசவில்லை.

ஒருநாள் வண்டியில் ஏறவும் செய்தார். சேந்தமங்கலம் சாலையில் ஐம்பதில் போகும்போது, "கிளட்ச்ச மிதிங்க" என்றார். மிதித்தேன். இன்ஜின் அடங்கியது, சத்தம் அடங்கவில்லை. "இன்ஜின் இல்ல" என்றார். சரியான பரிசோதனை, சரியான முடிவு. இன்ஜினைக் கழற்றிவிட்ட பிறகும் வருகிறதென்றால் சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்றுதான். அங்கேயே வண்டியை நிறுத்தி இறங்கி நாலு சக்கரத்தையும் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. ஆனால் அவர் லாரிக்காரர். அவர் ஓட்டிய லாரிகளில் இன்ஜின் பலமெல்லாம் பின் சக்கரத்துக்குத்தான் போகும். எனவே எல்லா வியாதியும் பின்னால்தான் இருக்கும். "பின்னாடிதான்" என்று தீர்ப்புச் சொன்னார்.

கிராஸ் மாற்றினோம். ஹவுசிங் ஆயில் மாற்றினோம். சத்தம் போகவில்லை. 'அப்ப பெரிய ற-தான்' என்று முன்பக்க பிரேக் பேடும் மாற்றினோம். மொத்தம் 9,400 ரூபாய். பழைய பேடில் இன்னும் பாதி மிச்சம் இருந்தது. அதை மாமா துணியில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனார். எதற்கு என்று கேட்கவில்லை.

சிரித்தது போதும், ஒரு வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். ஆறு வாரத்தில் இந்த வண்டியைப் பற்றிக் கருத்துச் சொன்னவர்கள் பதினோரு பேர். வண்டிக்குக் கீழே குனிந்தவர்கள் எத்தனை பேர்? மெக்கானிக் ஒருவர். அவரும் மாமா கை காட்டிய இடத்தில்தான் குனிந்தார். டார்ச் அடித்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும், காசும் கிடையாது. ஆனால் குனிந்து பார்த்துக் கண்டுபிடித்தால் அதில் என்ன பெருமை? நின்ற இடத்தில் கண்ணை மூடிச் சொன்னால்தான் ஞானம். பார்த்துச் சொல்கிறவன் மெக்கானிக், கேட்டுச் சொல்கிறவர் மேதை. மேதைகளுக்கான செலவை நம்மைப் போன்றவர்கள்தான் கட்டுகிறோம்.

கடைசியில் கண்டுபிடித்தது வாட்டர் சர்வீஸ் பையன். அவன் எதையும் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது, காதுக்குப் பக்கத்தில் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. முன்பக்க இடச் சக்கரத்தில் அப்பியிருந்த செம்மண்ணைத் தண்ணீர் அடித்துக் கரைத்தவன், "அண்ணா, இந்த அம்பு ரெண்டுக்கும் நடுவுல நிக்குது, இருக்கலாமா?" என்றான்.

பழைய ஃபோர் வீல் வண்டிகளில் முன் சக்கரத்தின் நடுவே கையால் திருகும் ஒரு டயல் உண்டு. 'லாக்' பக்கம் திருகினால் உள்ளே ஒரு பல்வளையம் நகர்ந்து, சக்கரத்தையும் ஆக்சிலையும் கோத்துவிடும். 'ஃப்ரீ' பக்கம் திருகினால் விலகிவிடும். சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றும். நடுவில் விட்டால் கோக்கவும் செய்யாது, விலகவும் செய்யாது. பல் நுனியும் பல் நுனியும் உரசிக்கொண்டே வரும்.

பல். நறநற.

பேட் மாற்றிய அன்று இந்த டயல் மெக்கானிக்கின் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவர் கண் பேடில், காது மாமாவிடம்.

அதை நடுவில் விட்டது யார் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த ஐப்பசி மழையில், மண்பாதை முடிந்து தார் ரோட்டுக்கு ஏறியும் நாலு சக்கரமும் இழுக்கும் 'ஃபோர் ஹை'யிலேயே வந்துகொண்டிருந்தேன். முதல் வளைவிலேயே ஸ்டியரிங் மல்லுக்கு நின்றது. வளைவில் முன் சக்கரங்கள் அதிகத் தூரம் ஓட வேண்டும், பின் சக்கரங்கள் குறைவாக. மண்ணென்றால் வழுக்கிச் சரிக்கட்டிவிடும்; தாரில் வழுக்க வழியில்லை. லிவரைத் தள்ளிவிட்டு, அந்த டயலைத் திருக இறங்கப் போனேன். மாமா என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். "நீங்க நனையாதீங்க மாப்ள. உங்களுக்குச் சளி ஆகாது." துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, கணுக்கால் வரை ஓடிய செந்தண்ணீரில் இறங்கி இரண்டு பக்கமும் திருகிவிட்டு வந்தார். அறுபத்தெட்டு வயது. கை நடுங்கிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் முழுதாகத் திரும்பியிருக்கிறது. இடப்பக்கம் பாதி.

அவரிடம் விஷயத்தைச் சொன்னேன், யார் திருகியது என்பதை மட்டும் விட்டுவிட்டு. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பல்லுன்னா நறநறன்னுதானுங்களே வரும்? நீங்க கரகரன்னுல்ல சொன்னீங்க" என்றார்.

போன வாரம் இருவரும் மறுபடி தோட்டத்துக்குப் போனோம். காரவள்ளியிலிருந்து மேலே எழுபது கொண்டை ஊசி வளைவு. முன்பெல்லாம் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு சத்தம் பிடிப்பார். அன்று கண்ணாடியை இறக்கி, காதை வெளியே நீட்டி, முப்பது வளைவு வரை ஒன்றும் சொல்லாமல் வந்தார். முகம் வாடியிருந்தது.

நாற்பதாவது வளைவில் திரும்பி என்னைப் பார்த்தார்.

"சத்தமே இல்லீங்களே மாப்ள. அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."